எங்கள் வீட்டு இரும்புச்சத்து

ஆகஸ்ட் 7, வியாழன்

பேச்சுப் போட்டிக்குப் போகிறவர்கள் தினமும் கொஞ்சமாவது எழுதிப் பழக வேண்டும் என்று தமிழம்மா சொல்லிவிட்டார். எழுதினால் நாக்கு திருந்துமாம். என் நாக்கு திருந்தினால் முதலில் வருத்தப்படப் போவது பக்கத்தில் உட்காரும் ஜெமிலாதான். வகுப்பில் அவளுக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது.

இன்று வியாழன். பதினோராம் வகுப்பு உயிரியல் பிரிவில் இதற்கு மாத்திரைக் கிழமை என்று பெயர். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஹெலன் டீச்சர் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை ஆளுக்கொன்று தருவார். நாங்கள் பயபக்தியோடு வாங்கி, நாக்குக்கு அடியில் ஒதுக்கி, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டிவிட்டுக் கைகழுவும் இடத்துக்குப் போவோம். அங்கே ஒரு செம்பருத்திச் செடி நிற்கிறது. எல்லா மாத்திரையும் அதன் அடியில்தான் போய்ச் சேரும். இந்தப் பள்ளியிலேயே இரத்த சோகை இல்லாத ஒரே ஜீவன் அதுதான்.

விழுங்கினால் குமட்டும், வெளிக்குக் கறுப்பாகப் போகும், பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று பன்னிரண்டாம் வகுப்பு அக்காக்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு அவர்களுடைய அக்காக்கள் சொன்னார்கள். எங்கள் பள்ளியில் எந்தப் பாடமும் இவ்வளவு ஒழுங்காக நடத்தப்பட்டதில்லை.

செப்டம்பரில் ஊட்டச்சத்து வாரம். பேச்சுப் போட்டித் தலைப்பு: ‘வளரிளம் பருவமும் சரிவிகித உணவும்’. எங்கள் வகுப்பின் சார்பில் நான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சரிவிகித உணவைப் பற்றிப் பேசப் போகிறவள் என்ன சாப்பிடுகிறாள் என்பதையும் வரலாற்றுக்காகப் பதிந்து வைக்கிறேன்.

காலை: பாலில்லாத, சர்க்கரை இல்லாத டீ. மதியம்: அம்மா கட்டித் தரும் டப்பா. அதைத் திறப்பது நான், தின்பது ஜெமிலா. மாலை: பள்ளி வாசலில் ஒரு சிப்ஸ் பாக்கெட். அதற்குப் பிறகும் பசித்தால் மறுபடி டீ. இரவு அரைத் தோசை. அம்மா பார்த்துக்கொண்டிருந்தால் முழுத் தோசை.

இதற்குப் பெயர் டயட். கைப்பேசியில் ஓர் அக்கா தினமும் சொல்லித் தருகிறார். அவருடைய இடுப்பு என் கை மணிக்கட்டு அளவுக்கு இருக்கிறது. மே மாதம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, பத்துப் பேர் நடுவில் என் கன்னத்தைக் கிள்ளி, “என்னத்தா, அண்ணன் கடைச் சேவெல்லாம் இங்கதான் விக்குதா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்காக நான் டயட் இருக்கவில்லை. உடல்நலத்துக்காக.

அப்பாவுக்கு சாத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சேவுக் கடை. ஊருக்கே நொறுக்குத்தீனி போடும் வீட்டில் ஒல்லியாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தக் கைப்பேசி அக்காவுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 13, புதன்

ஒரு பெட்டி சிலேட்டுக் குச்சி வாங்கினேன். யாருக்கு என்று கடைக்கார அண்ணாச்சி கேட்டார். தம்பிக்கு என்றேன்.

எனக்குத் தம்பி கிடையாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பேச்சு பாதி எழுதியாயிற்று. “கீரையைக் கண்டால் முகம் சுளிக்கிறோம், பாக்கெட்டைக் கண்டால் பல்லிளிக்கிறோம்” என்று ஓரிடம் வருகிறது. அங்கே கைதட்டலுக்காக மூன்று விநாடி நிறுத்த வேண்டும். எழுதி முடித்தபோது கையெல்லாம் எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் ஒட்டியிருந்தன. மடியில் காலிப் பாக்கெட் கிடந்தது. உண்மையான கலைஞன் அனுபவத்திலிருந்துதான் எழுதுவான்.

தலை சீவினால் சீப்பு நிறைய முடி வருகிறது. இந்த ஊர் உப்புத் தண்ணீர்தான் காரணம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

எங்கள் வகுப்பை இரண்டாம் மாடியில் வைத்தவர் யாரோ தெரியவில்லை. பாதிப் படியிலேயே நெஞ்சு காதுக்குள் அடிக்கிறது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, கீழே போகிற வாகனங்களை ரசிப்பதுபோல் நடித்தேன். மேலிருந்து இறங்கி வந்த ஹெலன் டீச்சர், பரீட்சைக்குப் படிக்கச் சொன்னால் இந்தப் பிள்ளைக்கு வேடிக்கை என்று சொல்லிக்கொண்டே போனார்.

செம்பருத்தி இன்று பன்னிரண்டு பூ விட்டிருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அத்தை வந்திருந்தாள். வாசலில் நின்றே என்னை மேலும் கீழும் பார்த்தாள். இந்தத் தடவை கன்னத்தைக் கிள்ளவில்லை. கிள்ளுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நல்லா வெளுத்துட்டாளே, என்ன கிரீம் போடுகிறாள் என்று அம்மாவிடம் கேட்டாள். பிறகு அம்மாவையும் பார்த்து, நீயும் வெளுத்திருக்க, ரெண்டு பேரும் ஒரே கிரீமா என்றாள். தன் பெண்ணுக்கும் அந்தப் பெயரை எழுதித் தரச் சொன்னாள். அம்மா சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்து எழுந்து காப்பி போடப் போனாள்.

நான்கு மாத டயட்டுக்குக் கிடைத்த முதல் விருது. மெலிவு வேண்டும் என்றேன், நிறத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வீட்டில் எலி நடமாட்டம். பச்சரிசி டிரம்மில் அளவு குறைந்துகொண்டே வருகிறது என்று அம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தின்றுவிட்டு மூடியைத் திரும்ப மூடிவிட்டுப் போகிறதே, இது என்ன எலி என்று அவளுக்கு ஆச்சரியம். இன்று டிரம்முக்குப் பக்கத்தில் தேங்காய்ச் சில்லு வைத்து எலிப்பொறி வைத்துவிட்டாள்.

பொறியைத் தாண்டிக் கை விடுவது கொஞ்சம் சிரமம்தான்.

செப்டம்பர் 3, புதன்

நாளை போட்டி. பேச்சு மனப்பாடம். ஜெமிலாவிடம் தாளைக் கொடுத்து ஒப்பித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கியதை உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டாள். காலையில் வெறும் டீயோடு போவதாக உத்தேசம். வயிறு காலியாக இருந்தால் குரல் கணீரென்று வரும்.

செப்டம்பர் 7, ஞாயிறு
மருத்துவமனை, பெண்கள் வார்டு

ஜெமிலா பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். எழுத இப்போதுதான் கை வருகிறது.

வியாழக்கிழமை நடந்தது இது. மேடை ஏறினேன். அவையோருக்கு வணக்கம் சொன்னேன். “உணவே மருந்து என்பதை மறந்துவிட்ட தலைமுறை நாம்” என்று தொடங்கினேன். கீரை வருவதற்குள் மைக் எட்டப் போயிற்று. பிறகு பார்த்தால் தலைமையாசிரியர் அறை பெஞ்சில் கிடக்கிறேன். முகமெல்லாம் தண்ணீர். ஊட்டச்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே ஊட்டச்சத்து வாரத்தில் விழுந்திருக்கிறேன். எங்கள் பள்ளி மேடையில் இவ்வளவு தெளிவான செயல்முறை விளக்கத்தை இதுவரை யாரும் தந்ததில்லை.

அம்மா ஓடி வந்தாள். தலைமையாசிரியரும் ஹெலன் டீச்சரும் அவளை அறையின் மூலைக்குக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் பேசினார்கள். வெளியே சன்னலில் பதினோராம் வகுப்பு முழுவதும் நின்றது. திரும்பி வந்தபோது அம்மாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. ஆட்டோ ஏறியதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஓட்டுநருக்குக் கேட்காமல் கேட்டாள்.

“நாள் ஏதும் தள்ளிப் போயிருக்காத்தா? யாரும் உன்ன ஏமாத்திட்டாகளா? அப்பாட்ட சொல்ல மாட்டேன், என்ட்ட சொல்லு.”

எனக்கு இரண்டு மாதமாக நாள் தள்ளித்தான் போயிருந்தது. டயட்டின் இன்னொரு வசதி என்று நினைத்திருந்தேன். நான் ஆட்டோவுக்கு வெளியே பார்த்தேன். அம்மா அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். வழியெல்லாம் என் கையைப் பிடித்தபடியே வந்தாள். அவள் கை என் கையைவிடச் சில்லென்று இருந்தது.

மருத்துவமனையிலும் முதலில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்துக் கழிப்பறைக்குத்தான் அனுப்பினார்கள். நம் ஊரில் ஒரு பெண் மயங்கி விழுந்தால் அவள் நல்லவளா என்று முதலில் பார்ப்பார்கள். உயிரோடு இருக்கிறாளா என்று பார்ப்பது அதற்கு அப்புறம். முடிவு வந்து, ஒன்றுமில்லை என்றதும் அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் பின்னாலேயே வந்திருந்த ஹெலன் டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. நோய் குணமானதுபோல் வீட்டுக்குக் கிளம்பக்கூடத் தயாராகிவிட்டார்கள்.

அப்போதுதான் அந்த டாக்டர் வந்தார். வயது குறைவுதான். பேர் தமயந்தி என்று சட்டையில் குத்தியிருந்தது. என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு, மழை வருமா என்று கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார்.

“அரிசி திம்பியா? சாக்பீஸ், சிலேட்டுக் குச்சி, இந்த மாதிரி ஏதாச்சும்?”

நான் கூரையைப் பார்த்தேன். அம்மா முதலில் இல்லவே இல்லை என்று தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தவள் மெதுவாக நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள். எலிக்குப் பொறி வைத்த ஒருத்தி, பொறிக்குள் தன் பெண்ணைக் கண்டால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

இரத்தத்தில் இரும்பு தீர்ந்துபோனால் இப்படித்தான் கண்டதைத் தின்னத் தோன்றுமாம். இதுவும் ஒரு நோய்க்குறிதானாம். நான் என்னைக் கிறுக்கி என்று நினைத்து மாதக்கணக்கில் ஒளித்து வைத்திருந்ததை இந்த டாக்டர் ஒரே கேள்வியில் எடுத்து மேசையில் வைத்துவிட்டார். பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அளவு எனக்கு ஐந்தரை. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் இதயம் தாங்காது என்று அம்மாவிடம் சொன்னார். படி ஏறும்போது மூச்சு வாங்கியதா என்று என்னிடம் கேட்டார். வேடிக்கை பார்த்ததாகச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அழுதேன். எழுதும்போது மறைத்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், வார்டில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்ற வேண்டும், வீட்டார் யாராவது கொடுத்தால் நல்லது என்றார்கள். டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் அம்மா கையை நீட்டிவிட்டாள். என் பிள்ளைக்கு என் இரத்தம்தான் சேரும், எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள் என்றாள். இரத்த வங்கியில் அவள் விரலில் குத்திப் பார்த்தார்கள். மறுபடி குத்திப் பார்த்தார்கள். உங்களிடம் எடுக்க முடியாதம்மா, உங்களுக்கே ஏற்ற வேண்டியிருக்கும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு ஏழு.

கடையிலிருந்து அப்பா எண்ணெய் வாடையோடு வந்து சேர்ந்தார். நர்சுகளுக்கென்று ஆளுக்கொரு சேவுப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். கடலை மாவில் சத்து இருக்குமே, அப்புறம் எப்படி இப்படி என்று டாக்டரிடம் நியாயம் கேட்டார். அவருக்கும் விரலில் குத்தினார்கள். பதினாறு. தாராளமாகக் கொடுக்கலாம் என்று தட்டிக் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டு இரும்பெல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கிறது.

செப்டம்பர் 8, திங்கள்

டாக்டர் தமயந்தி இன்று என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பிடித்துக்கொண்டார். காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். எல்லோரும் போன பிறகு மிஞ்சியதைச் சாப்பிடுவேன் என்றாள் அம்மா. என்ன மிஞ்சும்? அம்மா யோசித்தாள். இட்லி மிஞ்சினால் இட்லி, சட்னி மட்டும் மிஞ்சினால் பழைய சோறு. ஞாயிற்றுக்கிழமை கறி? குழம்பு இருக்கும் என்றாள். முட்டை? அது இவள் அப்பாவுக்கும் இவளுக்கும்தான் கணக்கு என்றாள். சொல்லிவிட்டு, “எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர், நல்லாத்தான் நடமாடுதேன். இவளப் பாருங்க” என்றாள்.

“அவளுக்கு யாரும் கொடுக்காம இல்ல. கொடுத்தத அவ திங்கல. உங்களுக்கு யாரு கொடுத்தா?”

அம்மா என் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அப்பா கட்டிலின் மறுபக்கம் நின்று, இரத்தம் சொட்டும் குழாயைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய இரத்தம் என்பதால் இருக்கலாம்.

நான் யோசித்துப் பார்த்தேன். என் பதினாறு வருடத்தில் அம்மா சாப்பிட்டு நான் பார்த்த ஒரு வேளை கூட ஞாபகத்துக்கு வரவில்லை. நான் பட்டினி கிடந்ததற்காவது கைப்பேசியில் ஓர் அக்கா இருந்தார்.

சாயங்காலம் அம்மா எனக்குத் தலை சீவிவிட்டாள். சீப்பில் வந்த முடியைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டு, என் முதுகுக்குப் பின்னால் இருந்தபடியே சொன்னாள்.

“ஆட்டோல அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவுக சொன்னதும் எனக்குப் புத்தி போயிருச்சு.”

பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை. வலிக்கத்தான் செய்தது. எலிப்பொறியை எடுத்துவிடலாம் என்றேன். அவள் சிரித்தாள். முதுகில் அந்தச் சிரிப்பு அதிர்ந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

வீடு. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஆப்பிளோடு வருகிறார்கள். வந்து உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, வயிற்றைப் பார்க்கிறார்கள். அத்தை வெளிப்படையானவள். எல்லாச் சோதனையும் எடுத்தாகளா, எல்லாம் சரியா இருந்துச்சா என்று ‘எல்லா’த்தை அழுத்திக் கேட்டாள்.

அம்மா வழக்கம்போல் சிரிப்பாள் என்று நினைத்தேன். “எடுத்தாக மதினி. ரத்தம் மட்டுந்தான் இல்ல. நீங்க கிரீம் பேரு கேட்டீகளே, அதான் இது” என்றாள்.

அத்தை காப்பி குடிக்காமல் போய்விட்டாள்.

செப்டம்பர் 18, வியாழன்

பள்ளிக்குப் போனேன். போட்டியில் முதல் பரிசு ஜெமிலாவுக்கு. நான் விழுந்ததும் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்று பார்த்தால், இவள் என் தாளை எடுத்துக்கொண்டு மேடையேறி மிச்சத்தைப் படித்திருக்கிறாள். நட்பைவிடக் கலை பெரியது. பரிசு ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அவள் அம்மா அதில் ஆட்டு ஈரல் வறுவல் கொடுத்து அனுப்பியிருந்தாள். என் பேச்சுக்கு உரிய பங்கு என்று சொல்லி ஜெமிலா என் எதிரில் வைத்தாள். தின்று முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. மூன்று மாதமாக என் டப்பாவைத் தின்றதை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை என்றாள். அவளுக்கு இரண்டு கிலோ கூடியிருக்கிறதாம்.

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு ஒரு சத்துமாவு டப்பா கொடுத்தார். அம்மாவை மூலைக்குக் கூட்டிப்போனதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். டப்பா பெரியதுதான், அதற்குள் ஒரு மன்னிப்பும் கிடக்குமோ என்று வீட்டில் கிளறிப் பார்த்தேன். ஸ்பூன்தான் இருந்தது.

இப்போதெல்லாம் மாத்திரை விழுங்கும்வரை ஹெலன் டீச்சர் பக்கத்திலேயே நிற்கிறார். நாக்கைத் தூக்கச் சொல்கிறார். வகுப்பே என்னை முறைக்கிறது. குழந்தை பிறக்காமல் போனால் யார் பொறுப்பு என்று ஒருத்தி என்னிடம் கேட்டாள். பிறப்பதற்குள் செத்துப்போனால் யார் பொறுப்பு என்று கேட்டேன். விழுங்கினாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மாத்திரை தின்றால் குமட்டத்தான் செய்கிறது, வெளிக்குக் கறுப்பாகத்தான் போகிறது. அக்காக்கள் சொன்னதில் பாதி உண்மை. எலுமிச்சைச் சாறோடு விழுங்கினால் குமட்டல் குறைகிறது. அதை எந்த அக்காவும் சொல்லவில்லை. சாப்பாட்டோடு டீ கூடாது என்று டாக்டர் நிறுத்திவிட்டார். அதுதான் பெரிய துக்கம்.

அம்மாவுக்கும் மாத்திரை. எனக்கு வேளை தவறாமல் கொடுக்கிறவள் தன் பங்கை அலமாரியில் சேர்த்து வைத்திருந்தாள், பின்னால் எனக்கு உதவுமாம். இப்போது காலையும் மாலையும் எதிரில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்கிறேன். நாக்கைத் தூக்கு என்கிறேன். கடைவாயைக் காட்டு என்கிறேன். இந்த வித்தையிலெல்லாம் நான் பழைய கை, என்னிடம் நடக்காது.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று பச்சரிசி கழுவினேன். கழுவி உலையில் போட்டேன். போட்ட பிறகுதான் ஒரு மணியைக்கூட வாயில் போடவில்லை என்று உறைத்தது.

கைப்பேசி அக்காவைத் தேடிப் பார்த்தேன். அவர் இப்போது முடி உதிர்வதற்கு எண்ணெய் விற்கிறார்.

அக்டோபர் 12, ஞாயிறு

தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள். கடையில் கூட்டம் அலைமோதுகிறது. அப்பா மதியம் சாப்பிட எப்போது வருவார் என்று தெரியாது. அவர் வந்த பிறகு சாப்பிடலாம் என்றாள் அம்மா. நீ உட்காரும்வரை நானும் சாப்பிட மாட்டேன் என்றேன். என்னை மிரட்டுவதற்கு அவளிடம் ஒரு வழியும் இல்லை. நான் பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்று ஊருக்கே காட்டியவள். கடைசியில் இரண்டு தட்டு வைத்தாள். முருங்கைக்கீரைப் பொரியலும் ஈரல் குழம்பும். எனக்குப் போட்ட ஈரலில் பாதியை அவள் தட்டுக்குத் தள்ளினேன். அவள் திருப்பித் தள்ளினாள். நான் மறுபடி தள்ளினேன். குழம்பு தரையெல்லாம் ஆனதும் விட்டுவிட்டாள்.

அம்மா சாப்பிடுகிறதை இன்றுதான் முழுசாகப் பார்த்தேன். வேகமாகச் சாப்பிடுகிறாள், யாரோ கூப்பிட்டுவிடுவார்கள் என்பதுபோல. பாதிக்கு மேல் அந்த வேகம் குறைந்தது. ஒரு துண்டு ஈரலை மென்றுகொண்டே, கொஞ்சம் மிளகு தூக்கலாகப் போட்டிருக்கலாம் என்றாள். தன் சமையலில் இதுவரை அவள் குறை சொல்லிக் கேட்டதில்லை. ருசி பார்க்க நேரம் இருந்திருக்காது.

அப்போது அப்பா வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கை கழுவினார். உட்கார்ந்தார். வழக்கமாக அவர் உட்காரும்போது தட்டு எதிரில் இருக்கும். இன்று இல்லை. எங்கள் இருவரையும் பார்த்தார், எங்கள் தட்டுகளைப் பார்த்தார். அம்மாவின் இடது கை தரையில் ஊன்றியது. எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். நான் அவளைப் பார்க்கவில்லை, கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு தானே எழுந்து அடுக்களைக்குள் போனார். தட்டைத் தேடும் சத்தம் கேட்டது. கரண்டி ஒன்று விழுந்தது. சோற்றுப் பானை மூடியைத் திறக்கிற சத்தம். அப்புறம் உள்ளேயிருந்தே, குழம்புச் சட்டியில் ஈரல் ஒன்றும் இல்லையே என்றார்.

அம்மா வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

“குழம்பு இருக்கும் பாருங்க” என்றாள்.

ஊன்றிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.